பின் பிரேக்கும் ரூம் ஸ்ப்ரேவும்

இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்தில் உங்கள் கையில் ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்திருப்பார்கள். பின்சக்கரத்து டிஸ்க் பிரேக் கத்தினாலோ, பிரேக் பேட் சீக்கிரம் தேய்ந்தாலோ எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அதில் ஒரு பக்கம் இருக்கிறது. குறை சொல்ல முடியாத பக்கம். பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிபர் இறுகியிருக்கிறதா, டிஸ்க் வளைந்திருக்கிறதா, எண்ணெய் பட்டிருக்கிறதா, ஓட்டுகிறவர் பெடலில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறாரா என்று எல்லாமே அதில் உண்டு. நாங்களும் அந்தப் பக்கத்தின்படிதான் நடந்தோம். ஒரு வரியைக்கூட விடவில்லை. அப்படி ஒழுங்காக நடந்துதான், எங்களிடம் இருந்த ஒரு நல்ல மெக்கானிக்கைத் திருடனாக்கும் இடம் வரைக்கும் போனோம்.

டோல்கேட்டைத் தாண்டி, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு இருசக்கர வாகன சர்வீஸ் சென்டரில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு அந்த இடத்தைப் புதுப்பித்தார்கள். அதற்கு முன் வாடிக்கையாளர் தன் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று, மெக்கானிக்கின் கழுத்துக்கு மேல் குனிந்து, தேவையில்லாத யோசனைகள் சொல்லிக்கொண்டிருப்பார். அது எங்களுக்குத் தொந்தரவு. ஆகவே ஒரு கண்ணாடி அறை வந்தது. குளிர்சாதனம், சோபா, காபி மெஷின், சுவரில் தொலைக்காட்சி. வாடிக்கையாளர் ராஜா மாதிரி உள்ளே உட்கார்ந்துகொள்ளலாம். வண்டி வெளியே எங்கள் மெக்கானிக்குகளோடு கிடக்கும். அவர்கள் அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. வரவேற்பு மேசையில் ஒரு பெண்ணும், அவள் கைக்கெட்டும் தூரத்தில் மல்லிகை மணக்கும் ரூம் ஸ்ப்ரே ஒன்றும் இருந்தன. அறை எப்போதும் நன்றாக மணக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு.

சேவியர் அந்த அறைக்குள் முதல் முறை வந்தது நேராகக் காசிமேட்டு மீன் துறைமுகத்திலிருந்து, வேலைக் கோலத்திலேயே. விடியற்காலை ஏலத்தில் மீன் எடுப்பவர் அவர். அவர் மனைவி ஸ்டெல்லா திருவொற்றியூர் மார்க்கெட்டில் அதை விற்பவர். மீன் கூடைகளோடு ஸ்டெல்லா ஆட்டோவில் வருவார். சேவியர் ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு தன் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் இடத்தைக் கழுவி வைப்பார். தினமும் இதுதான். பின் பிரேக் கீச்சென்று கத்துகிறது என்று சொல்ல அன்று உள்ளே நுழைந்தவர், சோபாவில் உட்காரக்கூட இல்லை. வரவேற்புப் பெண் உத்தரவின்படி ஸ்ப்ரேயை எடுத்து அவருக்கு இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை அடித்தாள். அவள் மேல் தவறில்லை. ஏதோ பூஜை நடக்கிறது போல சேவியர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போய்ப் பஞ்சர் கடை நிழலில் நின்றுகொண்டார்.

அடுத்த முறையிலிருந்து அவர் வந்த விதமே வேறு. குளித்து, வெள்ளை வேட்டி சட்டை போட்டு, கழுத்தில் பவுடர் தெரிய, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர் மாதிரி வருவார். காலில் புதிய தோல் செருப்பு. எங்கள் அறை ஒரு வாடிக்கையாளரைத் திருத்திவிட்டது என்று மேனேஜருக்குப் பெருமை. திருத்தியபோது கூடவே எதைத் துடைத்துப் போட்டோம் என்பது எங்களுக்குத் தெரியாது.

அவர் வண்டி கஜேந்திரனிடம் போனது. எல்லோருக்கும் அவன் கஜா. தண்டையார்பேட்டைக்காரன், கை சுத்தம், வாய் குறைவு. பின் பேட் இரண்டும் தேய்ந்து தகடு தெரிந்தது. மாற்றினான். ஒரு வருடத்துக்குக் குறையாமல் வர வேண்டிய பேட், இரண்டு மாதத்துக்குள் மறுபடி கத்திக்கொண்டு வந்தது. மறுபடி மாற்றினான். அதுவும் அப்படியே.

புத்தகப்படி, ஓட்டுகிறவரின் காலைப் பற்றிக் கேட்டேன்.

"அண்ணே, ஓட்டும்போது பிரேக் மேல கால வெச்சிருப்பீங்களா?"

சேவியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நைனா, நான் பதினெட்டு வயசுலேர்ந்து வண்டி ஓட்டறேன். லாரி டயருக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல பூந்து வர்றவன். என்னாண்ட வந்து கால் எங்க வெக்கணும்னு கேக்கறியே. மாதா மேல ஆணையா சொல்றேன், கால் பிரேக் மேல இல்ல."

நான் அவர் பின்னால் உட்கார்ந்து டோல்கேட் வரை போய் வந்தேன். அவர் சொன்னது உண்மை. செருப்புக் கால் ஃபுட்ரெஸ்டில் அழகாக இருந்தது. தேவைப்பட்டபோது மட்டும் பெடலுக்குப் போய்த் திரும்பியது. பயிற்சி வகுப்பில் படமெடுத்துக் காட்டலாம். ஆகவே அந்த வரியைத் திருப்தியோடு அடித்துவிட்டேன்.

பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். வந்து இறங்கியதும் மூக்கை உறிஞ்சி, "கடல் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். பக்கம்தான் என்றோம். அவருக்கு அது போதுமாயிருந்தது. உப்புக் காற்று, அதனால் துரு, துருவால் காலிபர் இறுக்கம், இறுக்கத்தால் தேய்மானம். வரிசை அழகாக வந்தது. காலிபரை மாற்றச் சொன்னார், டிஸ்க்கை மாற்றச் சொன்னார், பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. இங்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஜன்னல் கம்பி முதல் சைக்கிள் செயின் வரை எல்லாவற்றுக்கும் கடல்தான் காரணம். நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம். ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு இருந்தது: இதே கடற்கரையில் எங்களிடம் வரும் மற்ற வண்டிகளுக்கு மட்டும் உப்பு ஏன் சலுகை காட்டுகிறது? அதை நான் கேட்டபோது அவர் காருக்குள் உட்கார்ந்துவிட்டார்.

புதுக் காலிபரும் புது டிஸ்க்கும் போட்ட வண்டி மறுபடி கத்திக்கொண்டு வந்தது. இந்த முறை சேவியர் பஞ்சர் கடை நிழலில் நிற்கவில்லை. வெள்ளைச் சட்டையோடு கண்ணாடி அறைக்குள் வந்து நடுவில் நின்றார். சோபாவில் நாலைந்து பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்கபா. இங்க ஒரிஜினல் பேட்டுனு பில்லு போடறானுங்க. உள்ள போடறது டூப்ளிகேட்டு. அந்த கஜான்றவன் ஒரிஜினல வெளிய வித்துட்டு என் வண்டில கலீஜ் மாலு மாட்டறான். உங்க வண்டியையும் உஷாரா பாத்துக்கோங்க."

மேனேஜர் ஓடி வந்தார். நான் கஜாவைக் கூப்பிட்டேன். அவன் விதிப்படி அறைக்குள் வராமல் கதவுக்கு வெளியே நின்றான். கையில் கழற்றிய பேட்.

"பின்பக்கம் கம்பெனி நம்பர் கீது, பாருண்ணே," என்றான்.

"நம்பர் அடிக்க ஆளா இல்ல இந்த ஊர்ல? இன்னா, என்ன பேக்குனு நெனச்சுகினியா?"

"நான் ஏண்ணே அப்டி செய்யப் போறேன்?"

"அத நீ தான் சொல்லணும் மாமு. அஞ்சு மாசமா என்ன பேஜாரு பண்ணிகினு கீற. பொண்டாட்டி பின்னாடி ஆட்டோல வரா. நான் ஒரு நாளு பிரேக்கு புடிக்காம டிரெய்லர் அடில போய்ட்டா நீயா வந்து அவளுக்குச் சோறு போடுவ?"

சோபாவில் இருந்த ஒருவர் மெதுவாக எழுந்து வெளியே போய்த் தன் வண்டியைக் குனிந்து பார்த்தார். அந்தக் குனிதல்தான் கஜாவை அடித்தது; சேவியர் பேச்சு இல்லை.

அன்று மதியம் மேனேஜர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். சனிக்கிழமை மண்டல அதிகாரி வருகிறார். புகார் மேலே போய்விட்டது. "அவருக்கு ஒரு காரணத்தைக் காட்டணும். இல்லேன்னா ஒரு ஆளைக் காட்டணும்," என்றார். உப்பு என்ற காரணத்தைப் புது டிஸ்க்கோடு சேர்த்துச் செலவழித்துவிட்டோம். மிச்சமிருந்தது ஆள்தான். கஜாவை அனுப்பிவிட்டு விஷயத்தை முடிக்கும் தாளைத் தயாராக வைத்திருந்தார். என் கையெழுத்து மட்டும் பாக்கி. மேனேஜர் கெட்டவர் இல்லை. கஜா திருடினான் என்று அவரும் நம்பவில்லை. நம்பாத ஒன்றில் கையெழுத்துப் போடுவதற்குத்தான் அவருக்கு இன்னொருவர் தேவைப்பட்டார்.

கஜா வண்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

"வேலை போனா போவட்டும் சார்," என்றான். "வேற ஷெட்டு பாத்துக்கலாம். ஆனா மாலு மாத்தறவன்னு பேரு வந்தாச்சுனா எவன் சார் ஷெட்டாண்ட சேப்பான்? எங்க வூட்டாண்ட மீன் விக்கறது பூரா அவங்க சொந்தக்காரங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள என் வூட்டுக்கே தெரிஞ்சுடும்."

பெயர் போவது என்றால் எங்கள் பக்கத்தில் அதுதான். செய்தித்தாள் வேண்டாம். மீன் கூடை போதும்.

நான் தாளில் கையெழுத்துப் போடவில்லை. மறுக்கவும் இல்லை, சனிக்கிழமை காலை போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, வேறு பேட்டும் டிஸ்க்கும் மாட்டி வண்டியைச் சேவியரிடம் அனுப்பிவிட்டு, கழற்றிய பேட்டுகளையும் டிஸ்க்கையும் என் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒருவர் மேல் பழி வந்திருக்கும்போது எல்லோரும் அந்த ஆளையே பார்ப்பார்கள். அப்போது யாராவது ஒருவர் பொருளைப் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய தைரியம் வேண்டியதில்லை. மேசையும் வெளிச்சமும் போதும்.

உள்பக்கப் பேட், வெளிப்பக்கப் பேட் இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன. காலிபர் உப்பில் இறுகியிருந்தால் ஒரு பக்கம்தான் அதிகம் தேயும். டிஸ்க் புதியது, அதற்குள் அதன் மேல் நீலம் பாய்ந்திருந்தது. நீலம் என்றால் சூடு. மட்டமான பேட் தேயலாம், கத்தலாம். ஆனால் அழுத்தாமல் அது டிஸ்க்கை நீலமாக்காது. ஆக, பிரேக் ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. கழற்றுவதற்கு முன் வண்டியை ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றியபோது காற்றாடி மாதிரி சுற்றியது. அப்படியானால் அது எங்களிடம் அழுத்துவதில்லை. எங்களுக்குத் தெரியாத இடத்தில், நாங்கள் பார்க்காத நேரத்தில் அழுத்துகிறது.

இவ்வளவு யோசித்த பிறகுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. ஐந்து மாதமாக அந்த வண்டியை நாங்கள் பார்த்ததெல்லாம் எங்கள் கட்டிடத்துக்குள்தான். அது வாழ்கிற இடத்தில் ஒருவர்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

நாளைக் காலை காசிமேட்டுக்குப் போகிறேன் என்று மேனேஜரிடம் சொன்னேன்.

"அங்க போய் என்னத்தப் பாக்கப் போறீங்க? மீனையா?"

"காரணம் கிடைச்சா காரணம். இல்லேன்னா மீன்," என்றேன்.

மறுநாள் விடியும் முன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போனேன். சேவியரிடம் வருவதாகச் சொல்லவில்லை. சொன்னால் வெள்ளைச் சட்டையில் நிற்பார். ஸ்டெல்லாவைத்தான் முதலில் பார்த்தேன். ஆட்டோவின் பின்சீட்டைக் கழற்றிவிட்டுக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சர்வீஸ் சென்டர் ஆள் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னா, எங்க மீனையும் மாத்தி வெச்சுட்டுப் போலாம்னு வந்தியா?"

"வண்டியப் பாக்க வந்தேம்மா."

"தோ போவுது பாரு உன் வண்டி. பிரேக்கு இல்லாமயே போவுது."

கூட்டத்துக்கு அப்பால், அந்த முதல் நாளுக்குப் பிறகு கண்ணாடி அறையில் நான் பார்த்திராத சேவியர் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். கைலி, பழைய பனியன், முழங்கால் வரை ஏறிய கறுப்பு ரப்பர் பூட்ஸ்.

எனக்கு அங்கேயே பாதி புரிந்துவிட்டது. மீதியை ஆட்டோவில் தெரிந்துகொண்டேன். ஓட்டுநர் பக்கத்தில் கொஞ்சம் இடம் கேட்டேன். ஸ்டெல்லா கூடைகளின் மேல் கையை ஊன்றி உட்கார்ந்துகொண்டு, "போறதுன்னா போ. மேல மீன் தண்ணி பட்டா அப்பால வாசன அடிச்சுக்க," என்றார். ஸ்ப்ரே சமாச்சாரம் அவர் வீடு வரை போயிருந்தது.

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அவற்றின் நடுவே ஆட்டோவும் பைக்கும் மீன் வண்டிகளும் நெளிந்து போய்க்கொண்டிருந்தன. இன்னும் இருட்டு.

"அந்த செவப்பு லைட்ட வுட்றாதடா," என்று ஸ்டெல்லா ஓட்டுநரிடம் சொன்னார்.

"எந்த லைட்டும்மா?" என்று கேட்டேன்.

"தோ, நெருப்பாட்டம் எரியுது பாரு, அதான் எங்க ஆளு. எல்லா வண்டிலயும் பின்னாடி மினுக்கு மினுக்குனு ஒண்ணு எரியும். இவரு வண்டில மட்டும் பளிச்சுனு கீது. எத்தினி வண்டி நடுவுல பூந்தாலும் கண்டுபுடிச்சுடலாம்."

"எப்பவுமே அப்படித்தான் எரியுமா?"

"எப்பவும். வூட்டுலேர்ந்து வந்தா எரியும், மார்க்கெட்டு போனா எரியும். அத பாத்துகினுதான் நாங்க பின்னாலயே வர்றோம்."

பிரேக் விளக்கு. கால் பெடலில் இருக்கும் வரை எரிகிற விளக்கு. ஐந்து மாதமாக, ஆறேழு கிலோமீட்டர் தூரம், ஒவ்வொரு விடியற்காலையும் எங்கள் கேள்விக்கான பதில் முழு வெளிச்சத்தில் எண்ணூர் சாலையில் ஊர்வலம் போயிருக்கிறது. சாலையில் இருந்த எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எங்களுக்குத்தான் அந்த அறையில் தொலைக்காட்சி இருந்ததே.

"பூட்ஸ் எப்பலேர்ந்தும்மா போடறாரு?"

"ஏழெட்டு மாசம் கீும். கெளுத்தி முள்ளு குத்தி ஒரு மாசம் காலு வீங்கிப் படுத்துகினாரு. வெறுங்கால்ல போவாதய்யானு சொன்னா கேக்க மாட்டாரு. நான்தான் வாங்கிக் குடுத்தேன். இன்னா, அதுக்கும் உன் பிரேக்குக்கும் இன்னா?"

மார்க்கெட்டில் சேவியர் இடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் செய்த முதல் காரியம், கைலியை இறக்கிவிட்டதும் தோளில் இருந்த துண்டால் கழுத்தைத் துடைத்ததும். அதைப் பார்த்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் என்னுடைய மல்லிகை வாசனையையும் கூடவே கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"அண்ணே, அப்படியே வண்டில ஏறி உக்காருங்க. பூட்ஸோட. சாவி போடுங்க. ஓட்டற மாதிரி கால வெச்சுக்கோங்க."

உட்கார்ந்தார். பின்னால் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"பிரேக் மேல கால் இருக்கா?"

"இல்லியே. ஃபுட்ரெஸ்ட்ல கீது."

"திரும்பி லைட்டப் பாருங்க."

பார்த்தார். "யாரு போட்டா?"

"நீங்கதான்."

"நான் வெக்கவே இல்ல நைனா!" விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. "மெய்யாலுமே சொல்றேன், கால் அதுல படவே இல்ல!"

"அய்ய, காலத் தூக்குய்யா," என்றார் ஸ்டெல்லா.

தூக்கினார். அணைந்தது. வைத்தார். எரிந்தது. சின்னப் பிள்ளை சுவிட்சைக் கண்டுபிடித்த மாதிரி நாலு முறை செய்து பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அந்த ரப்பர் பூட்ஸ் கணுக்காலை மடங்க விடாது. முனை பெடலின் மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். அடிப்பாகம் தடிமன் என்பதால் உள்ளே இருக்கும் காலுக்கு ஒன்றும் தெரியாது. லாரி வரிசையில் ஊர்ந்து வருகிற நேரம் முழுக்க அவர் பிரேக் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

நான் ஒரு துண்டு ஐஸ் வாங்கி டிஸ்க்கின் மேல் வைத்தேன். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சத்தம் வந்தது. நீங்கள் இதைச் செய்யாதீர்கள். சூடான டிஸ்க்குக்கு அது நல்லதில்லை. ஆனால் நான் பேசியிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

சேவியர் வண்டியை விட்டு இறங்கினார். யாரையும் பார்க்காமல், "பெடல கொஞ்சம் எறக்கி வெச்சா செரியாப் பூடுமா?" என்று கேட்டார்.

"போயிடும். கஜா செஞ்சுடுவான்," என்றேன். அந்தப் பெயரைச் சொன்னபோது அவர் மீன் கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கஜா பெடலை இறக்கி, அது பிரேக்கைத் தொடுமுன் கொஞ்சம் சும்மா அசையும்படி வைத்துக் கொடுத்தான். பூட்ஸோடு வரச் சொல்லி, அந்தக் காலுக்கு அளந்து செய்தான். அவர்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. "செரியா கீதா?" "கீது." அவ்வளவுதான். சனிக்கிழமை மண்டல அதிகாரிக்கு மேனேஜர் ஒரு காரணத்தைக் காட்டினார்: வாடிக்கையாளரின் ஓட்டும் பழக்கம். அதிகாரிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. கம்பெனியின் மேல் ஒரு பொட்டுத் தூசிகூட இல்லாத காரணம். ஸ்ப்ரே பற்றி அதில் ஒன்றும் இல்லை. முதல் நாள் பூட்ஸோடு வந்தவரை உட்கார வைத்துப் பேசியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் என்று நான் சொன்னேன். மேனேஜர் ஏசி சத்தத்தில் கேட்காதது போல இருந்தார்.

கஜாவின் வேலை தப்பியது. ஆனால் அவனுடைய பெயர் இன்னும் கண்ணாடி அறையின் நடுவில்தான் கிடந்தது.

இரண்டு நாள் கழித்துச் சேவியர் ஒரு ஆளிடம் வஞ்சிரம் மீன் ஒன்றைக் கொடுத்தனுப்பினார், கஜாவுக்கு என்று. அழகான மீன். கஜா அதைத் தொடவில்லை.

"திருப்பி அனுப்பிடுங்க சார். அவரு அந்த ரூம்ல நாலு பேரு முன்னாடிதான சொன்னாரு? மீனு வந்து அந்த நாலு பேராண்ட பேசுமா?"

"மன்னிப்புதான்டா அது. அவருக்கு வேற மாதிரி கேக்கத் தெரியல."

"எனக்கு வேற மாதிரி வாங்கிக்கத் தெரியல சார்."

அவன் சொன்னது சரி. மீனை மேனேஜர் வீட்டுக்கு எடுத்துப் போனார். நன்றாக இருந்தது என்று மறுநாள் சொன்னார்.

அதற்கு அடுத்த வாரம், வேலை மும்முரமாக இருந்த ஒரு காலையில், ஸ்டெல்லா வந்தார். மார்க்கெட்டிலிருந்து நேராக. சேலையைத் தூக்கிச் செருகியபடி, கையில் செதில் ஒட்டியபடி, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றார். சோபா நிறைய ஆள். வரவேற்புப் பெண்ணின் கை தன்னிச்சையாக ஸ்ப்ரே பக்கம் போனது. ஸ்டெல்லா அதைப் பார்த்தார். அந்தப் பெண் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எவன்யா என் லைட்ட கழட்னது?"

மேனேஜர் எழுந்தார். "என்னம்மா, என்ன லைட்டு?"

"செவப்பு லைட்டு! அந்த கஜா கைய வெச்சதுலேர்ந்து எரிய மாட்டேங்குது. இருட்டுல நான் எதப் பாத்துகினு பின்னால போறது? நேத்து வேற எவன் பின்னாடியோ பூட்டோம். மணலி ரோட்ல போய் நிக்கறோம், ஐஸு பூரா உருகி. பேட்ட தின்னான், இப்ப லைட்டயும் தின்னுட்டான். கூப்புடு அவன!"

கஜா கதவுக்கு வெளியே வந்து நின்றான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். சோபாவில் இருந்தவர்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். சிலர் தங்கள் வண்டிகளையும் பார்த்தார்கள். பழைய நாடகம் அதே மேடையில் இன்னொரு முறை. ஆனால் அன்று மார்க்கெட்டில் விளக்கின் ரகசியத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் ஸ்டெல்லா என்பது எனக்கு நினைவு வந்தது.

அப்போது பின்னாலேயே சேவியர் ஓடி வந்தார். கைலி, பனியன், பூட்ஸ். தரையெல்லாம் மீன் தண்ணீர். குளிக்கவில்லை, பவுடர் இல்லை. கஜாவைத் தாண்டி உள்ளே வந்து அறையின் நடுவில், அன்று நின்ற அதே இடத்தில் நின்றார்.

"அடியே, அவன ஒண்ணும் சொல்லாத. அவன் லைட்ட கழட்டல. லைட்டு எரிஞ்சதே தப்பு. நான் தான் பிரேக்க மிதிச்சுகினே வந்து கீறேன்."

"அப்ப பேட்டு?"

சேவியர் மனைவியைப் பார்த்தார். பிறகு சோபாவைப் பார்த்தார். ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

"பேட்டு ஒரிஜினல் தான். அவன் போட்டது பூரா ஒரிஜினல். கோளாறு என் பூட்ஸ்ல," என்றார், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

கஜா கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். வரவேற்புப் பெண்ணைப் பார்த்து, "யம்மா, அந்த ஏசிய ஒரு நிமிஷம் நிறுத்தேன். அண்ணன் சொன்னது வெளிய செரியா காதுல வுழல," என்றான்.

அவள் மேனேஜரைப் பார்த்தாள். அவர் தலையை அசைக்குமுன் ரிமோட்டை எடுத்து அழுத்திவிட்டாள்.

அமைதியான அறையில் சேவியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஏலத்தில் நின்று பழகிய தொண்டை. "எல்லாரும் கேட்டுக்கோங்கபா!" என்றார். "கஜா கை சுத்தம். நான் சொன்னது தப்பு." அது சாலை வரைக்கும் கேட்டிருக்கும். பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கஜா விதியை மறந்து கிரீஸ் காலோடு உள்ளே வந்து, ஸ்டெல்லாவிடம், "பெட்டிக்குப் பின்னாடி மினுக்கற செவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தரேன்க்கா. உங்க ஆட்டோ வெளிச்சம் பட்டா தூரத்துலேர்ந்தே தெரியும்," என்றான்.

"நெருப்பாட்டம் இருக்குமா?"

"அத விட."

எஞ்சினியர் எடுத்த படங்களை இன்றும் பயிற்சி வகுப்பில் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உப்புக் காற்றின் விளைவு என்ற தலைப்பில். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது சேவியர் வண்டியின் டிஸ்க். மூலையில் மங்கலாக ஒரு கால் தெரியும், வெள்ளை வேட்டியும் தோல் செருப்புமாக.

அந்தக் காலையில் சேவியரும் ஸ்டெல்லாவும் கஜாவும் வெளியே வண்டியைப் பார்க்கப் போன பிறகு அறை முழுக்கக் காசிமேடு மணத்தது. அன்று மாலை பூட்டும் வரை மணத்தது. ஸ்ப்ரே மேசை மேல்தான் இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.